கவருக்குள் ஊதிய மூச்சு

ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருந்த சவேரியார் மேட்டுத் தெருவில் பிளாஸ்டிக் கவர்கள் மூச்சுவிடத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில், அதுவும் இட்லிக் கொப்பரை ஆவி விடுகிற நேரத்தில் என்பதால், முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கவர் தொங்கும், அதற்குள் சின்னக் கவர்களும் அதற்குள் இன்னும் சின்னக் கவர்களும் திணித்துக் கிடக்கும், நாளைக்கு ஆகும் நாளைக்கு ஆகும் என்று வருஷக்கணக்காகச் சேர்ந்து ஒன்றுக்கும் ஆகாமல் நிறைமாத வயிறு போலப் பெருத்து நிற்கும். அந்த வயிறு அன்றைக்கு மெல்ல உப்பியது, மெல்லத் தணிந்தது, மறுபடி உப்பியது. எமரென்சியா அதைப் பார்த்தபோது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எலி என்று நினைத்துத் துடைப்பத்தால் ஒரு போடு போட்டாள். பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் தனிஸ்லாஸ் ஹக் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

வாயு என்றாள் எமரென்சியா. சொல்லச் சொல்லக் கேட்காமல் மொச்சைக்கொட்டையை அள்ளித் தின்றதற்கு இது வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு இஞ்சி தட்டப் போனவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கவர் உப்பியது. திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவர் நெஞ்சும் அதே நேரத்தில் உப்பியது, அதே நேரத்தில் தணிந்தது. அவளுக்கு நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. பயத்தைக் காட்டிப் பழக்கமில்லாதவள் என்பதால், இஞ்சியை இன்னும் ஓங்கித் தட்டினாள்.

தனிஸ்லாஸுக்குத் தெருமுனையில் பலசரக்குக் கடை, தெருவுக்கே அவர் அண்ணாச்சி. எமரென்சியா கான்வென்ட்டில் சிஸ்டர்மாரிடம் படித்து, இங்கிலீஷில் செபம் சொல்லப் பழகி, நகம் வெட்டாத பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காராமல் வளர்ந்து, கடைசியில் வத்தல் நெடிக்கும் வெல்லத்து ஈக்கும் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் முடிந்து முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்றைக்கு, புருஷன் விரலை நாக்கில் தொட்டு எச்சில் பண்ணி, ஒட்டிக் கிடந்த கவரின் வாயைத் தேய்த்துத் திறந்து அதில் பருப்பைக் கொட்டுவதைப் பார்த்தாள். வாங்க வந்தவர்கள் நிற்கிறார்களே என்றுகூட நினைக்காமல், ஊர் பூராவுக்கும் உங்க எச்சிலையா பொட்டலம் கட்டிக் குடுக்கீய என்று கேட்டாள். கவரைப் பிடுங்கி வாயருகே வைத்து ஃபூ என்று ஊதி, அது பட்டென்று விரிந்ததும், இப்படி, என்றாள். அன்றிலிருந்து தனிஸ்லாஸ் ஊதினார். பருப்புக்கு ஊதினார், சீனிக்கு ஊதினார், கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஊதினார். அரசாங்கம் கவருக்குத் தடை போட்டபோது கவர்க்கட்டு மேஜைக்கு மேலிருந்து மேஜைக்குக் கீழே போயிற்றே தவிர, ஜனங்கள் கையை வீசிக்கொண்டு வருவதும் நிற்கவில்லை, அவர் ஊதுவதும் நிற்கவில்லை. பிடுங்க மனசு வராத ஒரு சொத்தைப் பல்லுக்காக அவர் கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் எமரென்சியா கடையில் உட்காருவாள், கோயில் பாட்டுக்குழுவில் பாடிய காலத்திலிருந்து விடாத பழக்கமாக நாக்கடியில் ஒரு பெப்பர்மிண்ட்டை அடக்கிக்கொண்டு, வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே சாமான் கட்டிக் கொடுப்பாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, எல்லார் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் கவர் மூச்சு விடுகிறது என்பதும், மூச்சில் கிராம்பு வாசனை அடிக்கிறது என்பதும், கிராம்பு வாசனை என்றால் அது அண்ணாச்சியைத் தவிர வேறு யாருமில்லை என்பதும். சர்ச்சிலிருந்து பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார், கவர்கள் தும்மின, கடையில் அண்ணாச்சியும் தும்மினார். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார். சுகாதார ஆய்வாளர் வந்து, கடலோரத்தில் காற்றழுத்தம் இப்படித்தான் ஏறி இறங்கும், வேறொன்றுமில்லை என்று சொல்லி ஒரு மோர் குடித்தார். அதற்கப்புறம் தெரு அதைத் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. கைக்குழந்தைக்காரிகள் கவரைத் தொட்டிலுக்கு மேலே கட்டினார்கள், அண்ணாச்சி மூச்சுக்குப் பிள்ளை அசந்து தூங்குகிறது என்றார்கள். தலைக்குக் குளித்தவர்கள் கூந்தலை அதன் பக்கம் விரித்துக் காயவைத்தார்கள். தனியாக இருக்கிற ஒரு அம்மா, வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அதற்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாருக்கும் அது ஒரு அதிசயம். எமரென்சியா ஒருத்திக்குத்தான் அது புருஷன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வேதமுத்து சார் வழக்கம்போல் காலி மனையில் குப்பைக்குத் தீ வைத்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்தக்காரர், காலிக் கவரை ஊதி உள்ளங்கையில் அடித்து டப்பென்று வெடிக்கவைத்து நாய் விரட்டுகிறவர். சனிக்கிழமை தோறும் வீட்டுக் கவர்களையெல்லாம் வாரி எரிக்காவிட்டால் அவருக்கு ஞாயிறு விடியாது. தீ பிடித்த அதே நிமிஷம் கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கை தராசிலிருந்து நழுவியது. உதடு நீலமாகி, கண் செருகி, அரிசி மூட்டை மேல் சாய்ந்து, காற்றைக் கடித்து இழுக்கிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார், வரவில்லை. கூட நின்ற எமரென்சியா மூக்கால் வாசனை பிடித்தாள், பிளாஸ்டிக் கருகுகிற வாசனையில் கிராம்பு கருகுகிற வாசனையும் இருந்தது. கடையிலிருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு, கான்வென்ட்டில் ஓட்டப் பந்தயத்துக்கே மாட்டேன் என்று அடம்பிடித்தவள், புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு தெரு நீளத்துக்கும் ஓடினாள்.

"சார், நீங்க எரிக்கது குப்பை இல்ல," என்றாள், குடத்தைத் தீயில் கவிழ்த்துவிட்டு. "எம் புருஷன்."

வேதமுத்து சார் இருமிக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். புகை என்றார். அவள் நெஞ்சிலும் கயிறு இறுகித்தான் கிடந்தது. ஓடின ஓட்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி பிழைத்தார், ஆனால் பழைய ஆளாக எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்ல இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் அதற்குள் காற்று குறைவாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னார். வீட்டுக்கு வந்த எமரென்சியா கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று, கதவுக்குப் பின்னாலிருந்த மூட்டையை அவிழ்த்து, ஒரு கவரை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீளவாக்கில் நாலாக மடித்து, முனையிலிருந்து சமோசா மாதிரி முக்கோணமாக மடித்துக்கொண்டே வந்தாள். கடைசி மடிப்பில் கவரின் வாய் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. ஸ் என்று ஒரு பெருமூச்சு அதிலிருந்து புறப்பட்டு அவர் மூக்குக்குள் போயிற்று. கவர் செத்து வெறும் பிளாஸ்டிக்காக அவள் கையில் கிடந்தது. அண்ணாச்சி நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

"எமி, கடை தொறக்கணும், உளுந்து அளந்தது அப்படியே கெடக்கு."

அவள் அழவில்லை. உளுந்தா இப்ப முக்கியம் என்று எரிந்து விழுந்துவிட்டு அடுத்த கவரை எடுத்தாள்.

மறுநாள் காலையில் கடைமேஜைக்குப் பின்னால் எமரென்சியா உட்கார்ந்திருந்தாள், மேஜைக்குக் கீழே கவர்க்கட்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. இனிமேல் இந்தக் கடையில் கவர் கிடையாது, வீட்டிலிருக்கிற கவரையெல்லாம் கொண்டுவந்து எம் புருஷன் மூக்குக்கு நேரே மடிச்சுக் குடுத்துட்டு, சாமானுக்குப் பாத்திரமோ பையோ கொண்டுவந்தால்தான் சாமான், கையை வீசிக்கொண்டு வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டே போகலாம் என்று, வந்தவர்களிடமெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். முணுமுணுத்தார்கள். தெரு வளைவில் புதிதாகத் திறந்த கடையில் கேட்காமலே கவர் கொடுக்கிறார்கள் என்று ஒருத்தி காதில் விழும்படிச் சொன்னாள். அங்க போ, ஆனா உன் வீட்டுத் தொட்டிலுக்கு மேல கெடக்க எம் புருஷன எங்கிட்டக் குடுத்துட்டுப் போ என்றாள் எமரென்சியா.

அப்படித்தான் அந்தத் தெரு சாமான் வாங்கும் விதம் மாறியது. தலையணை உறையோடு வந்தார்கள், கிழிந்த கால்சட்டையின் காலைத் தைத்துப் பையாக்கிக்கொண்டு வந்தார்கள், கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை, யார் கல்யாணம் என்றே மறந்துபோனது, பரணிலிருந்து இறங்கி வந்தது. எண்ணெய்க்குத் தூக்குச்சட்டி, தயிருக்குக் கிண்ணம், சீனிக்கு டிபன் கேரியரின் மேல் தட்டு. ஒருத்தர் தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்து அதில் முட்டை வாங்கிப் போனார், வேதமுத்து சார் வங்கிக்குக் கொண்டுபோன தோல்பையில் கத்தரிக்காய் வாங்கிப் போனார். தேவைக்கு மேலே வாங்க முடியவில்லை, பாத்திரம் நிறைந்தால் கை நின்றது. இந்தப் பக்கம் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்திருப்பார், கவர் கொண்டுவந்தவர்கள் வரிசையாக நின்று, பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் முகத்துக்கு நேரே மடித்துவிட்டு நகர்வார்கள். அவர் கன்னத்தில் நிறம் ஏறியது. செத்த கவர்களைக் கட்டுக்கட்டாகப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரிடம் அவள் போட்டாள்.

ஆனால் வீட்டிலிருந்தவை வந்தன, வெளியே போனவை வரவில்லை. எத்தனை வருஷம், எத்தனை வீடு. சாமானைக் கொட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பறக்கவிட்ட கவர்கள் எங்கே. எமரென்சியா உப்பளத்துக்குப் போகும் பாதையில் நடந்து பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். பாதையின் இரண்டு பக்கமும் கருவேல முள்ளில் கவர்கள் குத்தி மாட்டியிருந்தன, வெள்ளையும் கறுப்பும் நீலமும், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும், காற்றே இல்லாத வெயிலில், எல்லாம் ஒன்றாக உப்பின, எல்லாம் ஒன்றாகத் தணிந்தன. காடே மல்லாந்து படுத்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தன் கட்டிலில் தன் பக்கத்தில் கேட்கிற சத்தம்தான் அது, அதே இழுப்பு, நடுவில் அதே சின்னத் தடங்கல். இத்தனை பெரிய மூச்சை அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து எடுத்து ஊருக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறோமே என்று நினைத்தாள், முள் கீறக் கீற ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள்தான் கூடவே வந்தாள். செவலை என்று ஒரு பசு வைத்திருந்தாள், கறந்த பாலைச் சின்னக் கவர்களில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டு விடியுமுன்னே வீடு வீடாகப் போடுவாள். அந்தச் செவலை மூன்று நாளாகத் தீனி எடுக்காமல் நின்றது. எமரென்சியா அதன் விலாவில் காதை வைத்தாள். உள்ளே மாட்டின் மூச்சு ஒன்று ஓடியது, அதற்குப் பின்னால், பொருந்தாமல், அடைத்து அடைத்து, இன்னொரு மூச்சு. அவள் தலையை எடுத்துக்கொண்டாள். கால்நடை ஆஸ்பத்திரியில் விலாவைக் கீறி, டாக்டர் தோள் வரைக்கும் கையை விட்டு, வைக்கோலும் கயிறும் கவருமாகத் திரண்ட ஒரு உருண்டையை இழுத்து வெளியே போட்டார். சாணித் தண்ணீர் வடிய வடிய அது சிமெண்ட் தரையில் கிடந்து உப்பியது, தணிந்தது. அங்கே நின்ற ஆம்பளைகள் இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். எமரென்சியா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவினாள். நெஞ்சு அடைத்தது, கண் இருண்டது. பயந்தாங்கொள்ளி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பேச்சியம்மாளும் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தாள். வைக்கோல் தூசி எனக்கு ஆகாதுக்கா என்றாள்.

ஐப்பசி பிறந்து ஒரு நாள் காலையில் வானம் வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வந்தபோதுதான் எமரென்சியாவுக்கு ஓடை நினைவு வந்தது. நினைவு வந்ததும் கையிலிருந்த அகப்பை விழுந்தது. ஊர்த் தண்ணீரெல்லாம் அந்த ஓடை வழியாகத்தான் கடலுக்குப் போகும், ஊர்க் கவரெல்லாம் அந்த ஓடையில்தான் போய் அடையும். இப்போது தண்ணீர் வற்றிச் சகதியாகக் கிடக்கிறது. மழை இறங்கினால் நிரம்பும். நிரம்பினால், சகதிக்குள் புதைந்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற அத்தனை கவரும் தண்ணீருக்குள் போகும். நாற்காலியில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் படாமல், வீட்டு நடுக்கூடத்தில், உலர்ந்த வேட்டியோடு இந்த மனுஷன் மூழ்கிப்போவார்.

தெருவையே கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்பதைவிடத் திட்டி இறக்கினாள் என்று சொல்ல வேண்டும். மாங்காய் பறிக்கிற தொரட்டியோடும் மீன் கூடையோடும் வந்தார்கள், வேதமுத்து சார் கையுறை போட்டுக்கொண்டு வந்தார், வளைவுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள்கூட வந்தாள். வந்தவர்கள் கொஞ்சம் திருவிழாவாகத்தான் அதைச் செய்தார்கள். ஓடைக்கரையில் வரிசையாக நின்று, மேலே வந்த கவரை மோந்து பார்த்து, அண்ணாச்சி வாராவ, பிடிங்க என்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள், ஒருத்தன் ஒரு பெரிய கவரைப் பார்த்து இது கல்யாணத்துக்கு முந்தின மூச்சு போல, நல்ல திடமா இருக்கு என்றான், சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் யாரும் நாற்காலியில் சாய்ந்து கிடக்கவில்லை. எமரென்சியா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. முழங்கால் வரைக்கும் சகதியில் நின்று குனிந்து குனிந்து துழாவினாள். எங்கே கொப்புளம் கிளம்புகிறதோ அங்கே கையை விட்டாள். நெஞ்சில் கயிறு இறுகிக்கொண்டே போயிற்று, நாலு கவர் எடுத்ததும் நின்று இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள், பின்னும் குனிந்தாள்.

மத்தியானம் போல முதல் தூறல் விழுந்தது. பாலத்துக்கு அடியில், துருப்பிடித்த கம்பியில் சிக்கி, பாதி சகதியில் ஒரு சின்னக் கவர் கிடந்தது. கம்பியிலிருந்து கிழியாமல் விடுவித்து எடுத்தாள். எடுத்ததுமே அது சரியில்லை என்று கை சொன்னது. அவர் மூச்சு நீளமானது, நடுவில் தடங்கல் உள்ளது. இது குட்டை குட்டையாக, வேகமாக, அவசர அவசரமாக அடித்தது, எதற்கோ பொறுமையில்லாத மாதிரி. மூக்கருகே கொண்டுபோனாள். கிராம்பு இல்லை. சகதி நாற்றத்துக்கு அடியில், மெலிதாக, பெப்பர்மிண்ட்.

எமரென்சியா மூச்சைப் பிடித்தாள். கவர் நின்றது.

தூறல் கவரின் மேல் டொக் டொக்கென்று விழுந்தது. அவள் பிடித்த மூச்சை விட்டாள். கவர் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த கயிற்றை அவள் பயம் என்றே வைத்திருந்தாள். தீயை நோக்கி ஓடினபோது இறுகியது, மாட்டைக் கீறினபோது இறுகியது, எல்லாவற்றுக்கும் புருஷன் மேல் வைத்த பாசத்தைக் காரணம் சொல்லி, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தாள். இப்போது நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். வேதமுத்து சார் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்கம்பத்தில் கையூன்றி இருமிக்கொண்டிருந்தார், புகை எதுவும் இல்லை. வளைவுக் கடைக்குப் போன தொட்டில்காரி விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஓடை வளைந்து வளைந்து ஊருக்குள் போயிற்று, அது நெடுகச் சகதியில் கொப்புளங்கள் கிளம்பின, அவருடையவை, இன்னும் யார் யாருடையவையோ, கொஞ்சமும் சேராமல் ஆளுக்கொரு வேகத்தில். மேற்கே, ஓடை வருகிற பக்கம், எங்கோ மழை பலமாகப் பிடித்துவிட்டது, அதன் இரைச்சல் தண்ணீருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது.

கூடையோடு அவளுக்கு நேரே குனிந்து கையை நீட்டினாள் பேச்சியம்மாள். "குடுக்கா, அதுவும் அண்ணாச்சிதான?"

எமரென்சியா கொடுக்கவில்லை. கவரை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஈரமும் சகதியுமாக அது அவள் நெஞ்சோடு ஒட்டி, அவளோடு சேர்ந்து அடித்தது.

"ஏட்டி பேச்சி," என்றாள், குரலில் திட்டே இல்லாமல், பேச்சியம்மாள் இதற்கு முன்னால் அவளிடம் கேட்டிராத ஒரு குரலில். "காலம்பற பால் ஊத்துதியே, அந்தக் கவர எப்படித் தொறப்ப?"

இது என்ன கேள்வி என்று பேச்சியம்மாள் சிரித்தாள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் இல்லாத ஒரு கவரின் வாயைப் பிடித்து, செய்து காட்டுவதற்காக முகத்துக்கு நேரே தூக்கினாள். உதடுகள் குவிந்தன. குவிந்தவை அப்படியே நின்றன.